பனியில் பிழைத்த டூ-ஸ்ட்ரோக்

அல்சூரில் உள்ள என் பட்டறைக்கு இன்னமும் பழைய யெஸ்டி பைக்குகள் வருகின்றன. மைசூரில் செய்த டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் வண்டிகள். பெட்ரோலோடு ஆயிலையும் கலந்து ஊற்றினால்தான் பிழைக்கும். டூ-ஸ்ட்ரோக்கின் கதை முடிந்துவிட்டது என்று பெங்களூரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கனடாவில் இருக்கும் அக்கா மகன் போன் செய்து, "மாமா, ஸ்னோமொபைல் வாங்கப்போகிறேன். டூ-ஸ்ட்ரோக்கா, ஃபோர்-ஸ்ட்ரோக்கா?" என்று கேட்டான். பனியில் ஓடும் அந்த வண்டிகளில் டூ-ஸ்ட்ரோக்கின் கதை முடியவே இல்லை.

காரணம் எடை. டூ-ஸ்ட்ரோக்கில் வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட் இல்லை. சிலிண்டர் சுவரில் உள்ள துளைகளைப் பிஸ்டனே மேலும் கீழும் போய்த் திறந்து மூடுகிறது. பிஸ்டன் சுழற்றும் தண்டான கிராங்க் ஒரு சுற்றுச் சுற்றினால் ஒரு வெடிப்பு. ஃபோர்-ஸ்ட்ரோக்குக்கு இரண்டு சுற்று வேண்டும். அதனால் அதே சக்திக்கு டூ-ஸ்ட்ரோக்கில் இலேசான எஞ்சினே போதும். மலைச்சரிவில், இடுப்பளவு புதுப்பனியில் மூக்கு கனத்த வண்டி புதைந்தால், அதை வெளியே இழுப்பதற்குள் ஓட்டுபவரின் இடுப்பு கழன்றுவிடும்.

பெட்ரோலைச் சிலிண்டருக்கு வெளியே காற்றோடு கலந்து அனுப்பும் பழைய கார்புரேட்டர் டூ-ஸ்ட்ரோக்குகளில் எரியாத பெட்ரோலும் புகையோடு சேர்ந்து சைலன்சர் வழியே ஓடிவிடும். எரிபொருளைச் சிலிண்டருக்குள் நேரடியாகப் பீய்ச்சும் முறை அந்த வீணடிப்பைப் பெருமளவு குறைத்துவிட்டது. ஸ்கி-டூ ஸ்னோமொபைல்களின் இ-டெக் எஞ்சின் அந்த வகைதான். ஆயிலும் தனித் தொட்டியிலிருந்து பம்ப் மூலம் போகிறது. நம் ஊர் டூ-ஸ்ட்ரோக் பைக்குகளுக்கு அந்த நேரடிப் பீய்ச்சல் வைத்தியம் வாய்க்காதது எனக்குத் தீராத வருத்தம்.

ஆனாலும் அக்கா மகனை ஃபோர்-ஸ்ட்ரோக்கே எடுக்கச் சொன்னேன். அவன் மலை ஏறுகிற ஆள் இல்லை. சமமான தடத்தில் நாள் முழுக்க ஓட்டுகிறவன். ஃபோர்-ஸ்ட்ரோக்கில் சத்தமும் பெட்ரோல் செலவும் குறைவு. அதைவிட முக்கியம், பின்னால் உட்காரப்போகும் அவன் மனைவிக்கு ஆயில் புகை ஆகாது.