ஸ்டாலின்கிராட் டி-34: வெல்டிங்கும் இரும்புச் சக்கரமும் முடிஞ்சுது, அடுத்து பெயிண்ட்

ஒருவழியா மாடல் டாங்க்கோட ஹல் (அடி உடம்பு), டரட் (பீரங்கி இருக்கிற மேல் கோபுரம்) ரெண்டும் முடிஞ்சு ப்ரைமர் (பெயிண்டுக்கு முன்னாடி அடிக்கிற அடிப்பூச்சு) அடிக்கிற கட்டத்துக்கு வந்தாச்சு. 1/35 ஸ்கேல் (நிஜத்துல 35ல ஒரு பங்கு) டி-34, ரெண்டாம் உலகப்போர் சோவியத் டாங்க், அதுலயும் 1942ல ஸ்டாலின்கிராட் டிராக்டர் ஃபேக்டரில செஞ்ச டைப் தான் வேணும்னு இருந்தேன், ஏன்னா அந்த வருஷம் ஆகஸ்ட் 23 அன்னைக்கு ஜெர்மனியோட 16வது பான்சர் டிவிஷன் (டாங்க் படைப்பிரிவு) ஊருக்கு வடக்கால வோல்கா கரை வரைக்கும் வந்துருச்சு, அப்பவும் ஃபேக்டரி உள்ள வேலை நிக்கல, செஞ்ச டாங்க்கை அங்கருந்தே நேரா சண்டைக்கு ஓட்டிட்டுப் போனாங்க. அந்த அவசரம் மாடல்ல தெரியணும், கிட்ல வர்ற பிளாஸ்டிக்கோ வழவழன்னு இருக்கு.

அதனால பாதி உழைப்பு வெல்டிங்குக்கே போச்சு. மிச்சம் கிடந்த ஸ்ப்ரூவை (கிட்ல பார்ட்டுங்க ஒட்டி வர்ற பிளாஸ்டிக் சட்டம்) மெழுகுவர்த்தி சூட்டுல காட்டி நூல் மாதிரி இழுத்து, ஜாயிண்ட் மேல வெச்சு, மெல்லிசு க்ளூ தடவி அது இளகுனதும் கத்தி முனையால நெருக்கி நெருக்கி அமுக்கணும். ஒரே சீரா அமுக்குனா மெஷின் வெல்டு மாதிரி ஆயிடும், அங்கங்க தடிப்பா, அங்கங்க கோணலா விடுறது தான் அழகு. இந்த ஃபேக்டரி வண்டில முன்பக்க பிளேட்டுங்க பல்லு பல்லா ஒண்ணுக்குள்ள ஒண்ணு கோர்த்திருக்கும், அதனால பிளேட்டோட தடிமன் வெளிய தெரியும். நிஜத்துல 45 மில்லிமீட்டர், நம்ம ஸ்கேல்ல 1.3 கூட வராது. ஓரமெல்லாம் கேஸ் கட்டிங்ல வெட்டுனது, அதுக்கு ரேசர் ரம்பத்தால லேசா கீறி விட்டேன், ப்ரைமர் அடிச்சப்புறம் பாத்தா சூப்பரா தெரியும்னு நம்புறேன்.

சக்கரம் எனக்கு ரொம்பப் பிடிச்ச பார்ட். ரப்பர் தட்டுப்பாடுனால வெளிய இரும்பு ரிம், ரப்பரை உள்ள கொஞ்சமா மட்டும் வெச்சாங்க. ஓட்டும்போது சத்தமும் அதிர்வும் தாங்காது, அதனால வேற ஃபேக்டரி வண்டிகள்ல முதல் சக்கரமும் கடைசி சக்கரமும் மட்டும் ரப்பர் டயரோட வரும். என்னோடதுல எல்லாமே இரும்பு. இரும்பு மேல இரும்பு உரசுற இடம் பளபளக்கணும், அதுக்கு பெயிண்ட் காஞ்சப்புறம் பென்சில் கிராஃபைட் தேய்க்கப் போறேன்.

டிராக், அதாவது சக்கரத்தைச் சுத்தி ஓடுற இரும்புச் செயின், லிங்க் லிங்க்கா கோர்த்தது. மேல தாங்குற ரோலர் கிடையாது, செயின் நேரா சக்கரத்து மேலயே படுத்துக் கிடக்கும், அந்தத் தொய்வு வர்ற வரைக்கும் விடல. லிங்க்குகளைக் கோர்க்குற டிராக் பின்னுக்குப் பூட்டே இல்லங்க, ஹல் பக்கமா கழண்டு வந்தா ஹல் ஓரத்துல வெல்டு பண்ணின ஒரு சாய்வான தகடு தட்டித் தட்டி திரும்ப உள்ள தள்ளிடும். எவ்வளவு சிம்பிளான யோசனை! அந்தத் தகடு கிட்ல சரியா இல்ல, பிளாஸ்டிக் ஷீட்ல வெட்டி ஒட்டினேன்.

டரட் மேல ஒரே பெரிய மூடி. திறந்தா முன்பக்கமா சாயும், கமாண்டர் தலையை நீட்டினாலும் முன்னாடி மறைச்சிடும். அந்த ஆள் தான் பீரங்கியும் சுடணும், பாவம் எத்தனை வேலை. மூடியைத் திறந்தே ஒட்டியிருக்கேன், அந்த அசௌகரியம் பாக்குறவங்களுக்குப் புரியட்டும்.

அடுத்து 4பிஓ பச்சை, சோவியத் டாங்க்குகளுக்கு அடிச்ச பச்சை நிறம். டப்பால வர்றது இந்த ஸ்கேலுக்கு இருட்டா இருக்கு, கொஞ்சம் மஞ்சள் கலந்து டெஸ்ட் பண்ணிட்டு அடிக்கணும். நம்பர், கோஷம் எதுவும் டெக்கால் (ஸ்டிக்கர் மாதிரி) ஒட்டப் போறதில்ல, சேறும் அடியில மட்டும் தான், மேல ஏத்துனா இவ்வளவு வெல்டிங்கும் மறைஞ்சிடும்.