ஹெரால்ட் காரின் டேஷ்போர்டுக்கு அடியில் வயரிங் மாற்றிய அனுபவம்

எங்கள் ஸ்டாண்டர்டு ஹெரால்டில் ஃப்யூஸ் கிடையாது. ஒன்றுகூடக் கிடையாது. 1964 மாடல், வண்டலூர் தொழிற்சாலையில் உருவான வண்டி. பேட்டரியிலிருந்து கிளம்பும் கரண்ட் கட்டவுட் (டைனமோவின் சார்ஜைக் கட்டுப்படுத்தும் பெட்டி) வழியாக நேரே டேஷ்போர்டுக்கு அடியில் வந்து, அங்கிருந்து லைட், ஹாரன், வைப்பர் என்று பிரிகிறது. வழியில் ஒரு வயர் தோல் உரிந்து பாடியில் உரசினால் தடுத்து நிறுத்த எதுவும் இல்லை. வயரே சூடாகி உருகும். தன்னோடு சேர்த்துக் கட்டியிருக்கும் மற்ற வயர்களையும் உருக்கிவிட்டுத்தான் ஓயும்.

எங்கள் காரில் நடந்தது அதுதான். முன்பு எப்போதோ யாரோ ஒரு கார் ஸ்டீரியோ மாட்டியிருந்தார்கள். ஹெரால்டு பாசிட்டிவ் எர்த் வண்டி. அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு சேர்ந்திருக்கும். கடையில் கிடைக்கிற ஸ்டீரியோக்களோ நெகட்டிவ் எர்த் வண்டிக்காகச் செய்யப்பட்டவை. அவற்றின் இரும்புக்கூடே நெகட்டிவ். இரண்டும் தொட்டால் நேரடி ஷார்ட். மாட்டியவருக்கும் அது தெரிந்திருக்கிறது. ஸ்டீரியோவைச் சுற்றி பழைய டயர் டியூபை வெட்டிச் சுற்றியிருந்தார். பல வருடம் அந்த ரப்பர் தாங்கியது. அப்புறம் நம் ஊர் வெயிலில் வெடித்து விட்டுப்போனது. ஒரு நாள் ஸ்பீட் பிரேக்கரில் ஏறி இறங்கியபோது டேஷ்போர்டுக்குக் கீழிருந்து புகை. நல்லவேளையாக ஹெரால்டின் பானெட் முழுசாக முன்பக்கம் தூக்கிக்கொள்ளும். பேட்டரியும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது. கிளாம்பைக் கழற்றியதும் புகை நின்றது.

முன் சீட்டைக் கழற்றி வைத்துவிட்டு, மல்லாந்து படுத்து, தலையை பெடலுக்குப் பக்கத்தில் நுழைத்துப் பார்த்தபோதுதான் நிலைமை புரிந்தது. எரிந்த வயரைவிடப் பெரிய பிரச்சினை அங்கே இருந்தது. அறுபது வருடமாகக் கை வைத்த ஒவ்வொரு எலக்ட்ரீஷியனும் தன்னிடம் அப்போது இருந்த வயரைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். பெரும்பாலும் சிவப்பு. ஹாரனுக்கும் சிவப்பு, வைப்பருக்கும் சிவப்பு, இண்டிகேட்டருக்கும் சிவப்பு. வீட்டு ஃபேனுக்குப் போடுகிற இரட்டை வயர் ஒன்று ரூஃப் லைட்டுக்குப் போயிருந்தது. முறுக்கிச் சுற்றிய ஜாயிண்ட்டுகளின் மேல் இன்சுலேஷன் டேப். அந்த டேப்பின் பசை உருகி, கை வைத்தாலே பிசுபிசுவென்று ஒட்டியது.

இதைப் பார்த்ததும் எரிந்த இரண்டு வயரை மட்டும் மாற்றலாம் என்ற எண்ணத்தை விட்டுவிட்டேன். டேஷ்போர்டுக்கு அடியில் இருப்பதை முழுக்க எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுவது, அதுவும் கார் கம்பெனியிலிருந்து வந்தபோது என்ன நிறத்தில் இருந்ததோ அதே நிறத்தில் போடுவது என்று முடிவு செய்தேன். எல்லாரும் “எந்தக் கலராக இருந்தால் என்ன, கரண்ட் போனால் சரி” என்றார்கள். நான் அதை ஒப்புக்கொள்ளவில்லை, இப்போதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். லூகாஸ் என்கிற பிரிட்டிஷ் எலக்ட்ரிக்கல் கம்பெனியின் நிறமுறை அந்தக் கால பிரிட்டிஷ் வண்டிகள் பெரும்பாலானவற்றுக்குப் பொது. அந்த வழியில் வந்த நம் ஊர் வண்டிகளுக்கும் அதுதான் அடிப்படை. பழுப்பு என்றால் பேட்டரியிலிருந்து எப்போதும் உயிரோடு இருக்கும் லைன். வெள்ளை, சாவி திருப்பினால் வருவது. பச்சை, சாவிக்குப் பின் வைப்பர், இண்டிகேட்டர், பெட்ரோல் மீட்டர் போன்றவற்றுக்கு. நீலம் ஹெட்லைட், அதில் வெள்ளைக் கோடு ஓடினால் பிரைட், சிவப்புக் கோடு ஓடினால் டிம். சிவப்பு பார்க்கிங் லைட்டுக்கும் டெயில் லைட்டுக்கும் மட்டும். பச்சையில் சிவப்புக் கோடு இடது இண்டிகேட்டர், பச்சையில் வெள்ளைக் கோடு வலது. கருப்பு எர்த். இதை ஒரு மாலை உட்கார்ந்து மனப்பாடம் செய்துவிட்டால், டார்ச் வெளிச்சத்தில் தலைகீழாகப் படுத்துக்கொண்டு எந்த வயர் எங்கே போகிறது என்று மல்டிமீட்டர் வைத்துத் தேட வேண்டியதே இல்லை. நாளைக்கு இன்னொருவர் அதே இடத்தில் படுத்தாலும் அவருக்கும் தெரியும்.

நல்ல யோசனை என்று நான் நினைப்பது டேஷ்போர்டையே கழற்றி வெளியே எடுத்ததுதான். எங்கள் காரில் அது இரும்பு இல்லை, அழுத்திச் செய்த நார்ப்பலகை. ஓரமெல்லாம் பிஸ்கட் மாதிரி உதிரத் தயாராக இருந்தது, அதனால் ஸ்க்ரூவைப் பொறுமையாகத்தான் கழற்ற வேண்டும். முதலில் ஸ்பீடாமீட்டர் கேபிளின் நட்டைக் கையாலேயே தளர்த்தி, பின்பக்கம் இருக்கிற பல்பு ஹோல்டர்களை உருவி, ஒவ்வொன்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி எழுதினேன். கழற்றும் முன்னும் பின்னும் போனில் படம் எடுத்துக்கொண்டேன். கட்டவுட் பக்கம் பழைய வயர் போகும் வழியை மட்டும் கையாலும் ஒரு தாளில் வரைந்துகொண்டேன். படத்தில் ஒன்றின் பின்னால் ஒன்று மறைந்துவிடும், வரைந்தால் மறையாது.

டேஷ்போர்டை எடுத்த பிறகு ஒன்று கண்ணில் பட்டது. சோக் கேபிளின் மேல்உறை ஓரிடத்தில் கருகி, அதை ஒட்டிப் போகிற வயர் கட்டிலும் அதே அளவுக்கு ஒரு கருப்புத் தழும்பு. ஸ்டீரியோ இருந்த இடத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. காரணம் என்ஜின் பக்கம் இருந்தது. என்ஜின் ரப்பர் மவுண்ட்டிங்கில் உட்கார்ந்திருப்பதால் அதற்கும் பாடிக்கும் நடுவில் ஒரு பின்னல் எர்த் பட்டை கட்டாயம் இருக்க வேண்டும். எங்கள் காரில் அந்தப் பட்டை அறுந்து தொங்கிக்கொண்டிருந்தது. ஸ்டார்ட் செய்யும்போது நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கிற ஸ்டார்ட்டர் மோட்டார் வேறு வழியில்லாமல் சோக் கேபிள் வழியாகவும் ஆக்சிலரேட்டர் கம்பி வழியாகவும் கரண்டை எடுத்திருக்கிறது. பழைய கார் வைத்திருப்பவர்கள், ஸ்டார்ட் செய்த உடனே சோக் குமிழ் சுடுகிறதா என்று ஒருமுறை தொட்டுப் பாருங்கள். சுட்டால் கோளாறு டேஷ்போர்டில் இல்லை, எர்த் பட்டையில்.

வயர் வாங்க, சென்னையில் கார் பாகங்கள் விற்கும் ஜி.பி. ரோட்டுக்குப் போனேன். இங்கே ஒரு விஷயம்: பழைய லூகாஸ் வரைபடத்தில் வயர் தடிமன் 14/0.012, 28/0.012 என்று அங்குலக் கணக்கில் இருக்கும். முதல் எண் உள்ளே இருக்கிற இழைகளின் எண்ணிக்கை. இப்போது கிடைப்பதில் அதற்குச் சமமானவை 14/0.30, 28/0.30, 44/0.30, அதாவது ஏறக்குறைய 1, 2, 3 சதுர மில்லிமீட்டர். முறையே 8.75, 17.5, 27.5 ஆம்பியர் தாங்கும். மீட்டர் விளக்கு, இண்டிகேட்டர் எல்லாம் முதல் வகையில் அடங்கும். ஹெட்லைட்டுக்கும் ஹாரனுக்கும் இரண்டாவது. பழுப்பு மெயின் லைனுக்கு மூன்றாவது. எங்கள் டைனமோ 20 ஆம்பியரைச் சுற்றித்தான் கொடுக்கும் என்பதால் அது போதும்.

ஒற்றை நிற வயர்கள் எல்லாம் கிடைத்தன. கோடு போட்ட வயர்கள்தான் சிக்கல். கேட்ட கடைகளில் முழு ரோலாக வாங்கினால்தான் தருவோம் என்றார்கள். எனக்கு வேண்டியதோ ஒவ்வொன்றிலும் இரண்டு மீட்டர். அதனால் அடிப்படை நிறத்தில் வயர் வாங்கி, இரண்டு முனையிலும், கிளை பிரியும் இடத்திலும் கோட்டின் நிறத்தில் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் (சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கும் உறை) மாட்டினேன். பச்சை வயரில் சிவப்பு ஸ்லீவ் என்றால் இடது இண்டிகேட்டர். பார்த்தவுடன் புரிகிறது. முழு ரோல் வாங்கும் செலவும் இல்லை.

பழைய வயர் கட்டை அப்படியே ஒரு ப்ளைவுட் பலகையில் விரித்து, வளைவு வரும் இடத்திலெல்லாம் ஆணி அடித்து, அந்த வழியிலேயே புது வயர்களை ஓட்டினேன். நீளத்தில் ஒவ்வொன்றுக்கும் நான்கு விரல் அளவு கூடுதல். முனைகளுக்கு ஸ்பேடு திம்பிள். நசுக்குவதற்கு கட்டிங் பிளேயரைப் பயன்படுத்தாமல் ராட்செட் கிரிம்பிங் டூல் ஒன்று வாங்கினேன். இந்த வேலையில் மிச்சம் பிடிக்கவே கூடாத செலவு அதுதான். புல்லட் கனெக்டர்கள் எல்லாம் புதிது. பழைய ரப்பர் உறைகளுக்குள் இருந்த பித்தளை பச்சை பூத்துப்போயிருந்தது. கடைசியாக மேலே சுற்றியது பசையில்லாத பிவிசி டேப். பசை உள்ள டேப் நம் ஊர் வெப்பத்தில் என்ன ஆகும் என்பதை ஏற்கெனவே கையால் தொட்டுப் பார்த்தாயிற்று.

ஃப்யூஸ் பெட்டி சேர்ப்பதா வேண்டாமா என்று அதிகம் யோசிக்கவில்லை. பழமை மாறாமல் இருக்க வேண்டும் என்று நினைக்கிற நண்பர்கள் சிலருக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் இந்தக் காரில் வீட்டுக் குழந்தைகள் உட்காருகிறார்கள். புகை வந்ததைக் கண்ணால் பார்த்தவன் நான். வெளியில் தெரியாதபடி கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் பிளேடு ஃப்யூஸ் பெட்டி ஒன்றை வைத்தேன். ஹெட்லைட்டுக்கு மட்டும் இடது, வலது, பிரைட், டிம் என்று தனித்தனி. ஒரு ஃப்யூஸ் போனால் இரவில் இரண்டு விளக்கும் சேர்ந்து அணையக் கூடாது. இக்னிஷன் காயிலுக்குப் போகிற வெள்ளை வயருக்கு மட்டும் ஃப்யூஸ் போடவில்லை. கூடவே ஹெட்லைட்டுக்கு இரண்டு ரிலே, அதாவது சின்னக் கரண்டால் பெரிய கரண்டை இயக்கும் சுவிட்ச். முன்பு ஹெட்லைட்டின் கரண்ட் முழுவதும் டேஷ்போர்டுக்கு அடியில் வந்து, பழைய சுவிட்சைக் கடந்து, திரும்ப முன்னால் போகும். பேட்டரியில் 12.5 வோல்ட் இருக்கும்போது பல்பில் 10.3 வோல்ட்தான் காட்டியது. இரண்டு வோல்ட்தானே என்று தோன்றும். ஆனால் இழை பல்பில் அவ்வளவு குறைந்தாலே வெளிச்சம் பாதிக்குப் பக்கத்தில் வந்துவிடும். இப்போது 12.1 காட்டுகிறது.

எர்த் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். டேஷ்போர்டு நார்ப்பலகை என்பதால் அதில் மாட்டிய மீட்டருக்கும் விளக்குக்கும் தானாக எர்த் கிடைக்காது. ஒவ்வொன்றுக்கும் கருப்பு வயர் போக வேண்டும். பழைய வயரிங்கில் ஒரே ஒரு கருப்பு வயர் ஒன்றிலிருந்து ஒன்றாகத் தாவிப் போய், எங்கோ ஒரு துருப்பிடித்த ஸ்க்ரூவில் முடிந்திருந்தது. இண்டிகேட்டர் போட்டால் மீட்டர் விளக்கும் சேர்ந்து மினுக்கியதற்கு அதுதான் காரணம். நான் எல்லாக் கருப்பு வயர்களையும் ஒரே போல்ட்டில் கொண்டுவந்து சேர்த்தேன். அந்த இடத்தில் பெயிண்ட்டை எமரிப் பேப்பரால் தேய்த்து, பளபளவென்று இரும்பு தெரிந்த பிறகே போல்ட்டை முடுக்கி, மேலே வாசலின் தடவினேன். ஹெரால்டில் பாடி தனி, சேஸி தனி, நடுவில் பேட்கள். பானெட்டும் கீலில் திரும்புவது. அதனால் பேட்டரி, பாடி, சேஸி, என்ஜின், பானெட் என்று எல்லாவற்றையும் பட்டைகளால் இணைத்தேன். தனித்தனியாகப் பார்த்தால் சின்ன வேலைகள். ஆனால் வயரிங் கோளாறு என்று நாம் பேசுவதில் பாதி எர்த் கோளாறுதான் என்பது என் கருத்து.

திரும்ப மாட்டுவதில் சொல்ல அதிகமில்லை. ஃபயர்வால் (என்ஜினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவில் இருக்கும் தகடு) துளையில் இருந்த ரப்பர் கல்லாகிப் போயிருந்தது, புதிது போட்டேன். அவ்வளவுதான்.

கரண்ட் கொடுக்கும் நாளில் தாம்பரம் பக்கம் பட்டறை வைத்திருந்த பெரியவர் ஒருவரை வரச் சொல்லியிருந்தேன். ஹெரால்டு ரோட்டில் நிறைய ஓடிய காலத்திலிருந்து வேலை பார்த்தவர். டேஷ்போர்டுக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டு, நிறங்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக்கொண்டே வந்தார். “தம்பி, பேட்டரியை நேரா குடுத்துடாதீங்க. நடுவுல ஒரு ஹெட்லைட் பல்பை மாட்டுங்க” என்றார்.

“எல்லாத்தையும் மீட்டர் வச்சுப் பாத்துட்டேன் ஐயா.”

“பாத்திருப்பீங்க. இருந்தாலும் மாட்டுங்க.”

பேட்டரி முனைக்கும் கிளாம்புக்கும் நடுவில் ஒரு 12 வோல்ட் ஹெட்லைட் பல்பைத் தொடராக மாட்டுவதுதான் அவர் சொன்ன முறை. எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும். நான்கைந்து ஆம்பியருக்கு மேல் போகாது, வயருக்கு ஒன்றும் ஆகாது. எல்லா சுவிட்சும் ஆஃபில் இருக்கும்போது பல்பு இருட்டாக இருக்க வேண்டும். இருட்டாகத்தான் இருந்தது. பார்க்கிங் லைட் போட்டபோது மங்கலாக மின்னியது, அதுவும் சரி. இப்படி ஒவ்வொரு லைனாகப் பார்த்த பிறகுதான் பல்பை எடுத்துவிட்டு நேரடியாகக் கொடுத்தோம். புதிதாக வயரிங் செய்கிற எவரும் இந்த ஒரு படியைத் தாண்டிப் போக வேண்டாம்.

இன்னும் ஒன்று. பாசிட்டிவ் எர்த் வண்டிக்கு எல்இடி பல்பு வாங்குபவர்கள் கவனமாக இருக்க வேண்டும். பெரும்பாலானவை நெகட்டிவ் எர்த்துக்காகச் செய்தவை, மாட்டினால் எரியாது. இண்டிகேட்டரை மினுக்கவைக்கும் எலக்ட்ரானிக் ஃப்ளாஷரும் பல சமயம் அப்படித்தான். நான் மீட்டருக்கும் இண்டிகேட்டருக்கும் பழைய இழை பல்பையும் பழைய வகை ஃப்ளாஷரையுமே வைத்துக்கொண்டேன். போன் சார்ஜருக்கு மட்டும் இரண்டு வயரும் தனியாக, பாடியைத் தொடாமல், சொந்த ஃப்யூஸோடு போட்டிருக்கிறேன். ஸ்டீரியோ திரும்ப மாட்டவில்லை.

இப்போது எல்லாம் வேலை செய்கிறது, பெட்ரோல் மீட்டரைத் தவிர. டேங்க் நிரம்பியிருந்தாலும் முள் பாதியில் நிற்கிறது. டிக்கியில் டேங்க் பக்கம் பச்சை-கருப்பு வயரைக் கழற்றிப் பார்த்தேன், எர்த்தில் தொட்டுப் பார்த்தேன். முள் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு ஒழுங்காகப் போய் வருகிறது. அப்படியென்றால் மீட்டரும் வயரும் நன்றாக இருக்கின்றன, டேங்குக்குள் மிதந்து பெட்ரோல் அளவைச் சொல்கிற ஃப்ளோட் யூனிட்தான் தேய்ந்திருக்கிறது. டேங்கைக் காலி செய்து அதை வெளியே எடுக்க வேண்டும். அதற்கு கேஸ்கெட் சொல்லி வைத்திருக்கிறேன்.