ஆயிரம் துடிப்புகளுக்குப் பிறகு

கணிதம் படித்துவிட்டு உடலியங்கியல் ஆய்வகத்தில் சேர்ந்த எனக்குக் கிடைத்த முதல் வேலை, இதயக் கீழறைத் தசையின் ஒற்றைச் செல்லைக் கணினியில் துடிக்க வைப்பது. சோடியம், பொட்டாசியம், கால்சியம் அயனிகள் செல் சவ்வைக் கடக்கும் வேகத்தைச் சொல்லும் வகைக்கெழுச் சமன்பாடுகளை நிரலாக எழுதுவது கடினமாக இருக்கவில்லை. -85 மில்லிவோல்ட்டில் ஓய்ந்திருந்த செல்லை 1 மில்லிநொடி தூண்டியதும், மின்னழுத்தம் சட்டென்று ஏறி, மேட்டில் சற்றுத் தயங்கி, ஏறத்தாழ 300 மில்லிநொடியில் இறங்கிவிட்டது. பாடநூல் படத்தை அப்படியே உரித்து வைத்தாற்போல் இருந்ததால், பத்துத் துடிப்புகளைப் பார்த்துவிட்டு வேலை முடிந்ததென்றே நினைத்தேன்.

ஒரு மருந்தின் விளைவைச் சோதிக்க நொடிக்கு ஒன்றாக 1000 துடிப்புகளை ஓட்டியபோதுதான் சிக்கல் வெளிப்பட்டது. மருந்தே சேர்க்காத ஓட்டத்திலும் செல்லுக்குள் பொட்டாசியம் சிறுகச் சிறுகக் குறைந்துகொண்டே போனது. கணினி கணக்கிடும் கால இடைவெளியைப் பாதியாக்கினேன். தீர்க்கும் முறையையே மாற்றினேன். இரண்டு வாரம் போனது. சரிவு இம்மியும் மாறவில்லை. பிழை கணக்கிடும் முறையில் இல்லை, சமன்பாட்டில்தான் இருக்கிறது என்பதற்கு அதுவே அறிகுறி என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

கண்ணாடி நுண்குழாயால் உயிருள்ள செல்களைப் பிடித்து அளவெடுக்கும் மூத்த ஆய்வாளர் ஒருவர் என் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "நீங்கள் செலுத்தும் தூண்டு மின்னோட்டத்தை எந்த அயனி சுமந்து போகிறது?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. மின்னழுத்தச் சமன்பாட்டில் அந்த மின்னோட்டத்தைச் சேர்த்திருந்தேனே தவிர, எந்த அயனியின் கணக்கிலும் அதை வரவு வைக்கவில்லை. துடிப்புக்குத் துடிப்பு பெயரில்லாமல் உள்ளே நுழைந்த மின்னூட்டத்தை ஈடுகட்டப் பொட்டாசியம் வெளியேறிக்கொண்டிருந்தது. பொட்டாசியச் சமன்பாட்டில் தூண்டு மின்னோட்டத்துக்கான ஓர் உறுப்பைச் சேர்த்ததும் சரிவு நின்றது. (இதைப் பற்றி 2001-லேயே ஆய்வுக் கட்டுரை வந்திருந்தது. படித்திருந்தால் இரண்டு வாரம் மிஞ்சியிருக்கும்.)

அதன் பிறகே உடலியங்கியலாளர் டெனிஸ் நோபலின் இதயச் செல் மாதிரியை ஊன்றிப் படித்தேன். நரம்பிழைக்காக ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் 1952-இல் எழுதிய சமன்பாடுகளை, அவர் 1960-இல் இதயத்தில் மின்துடிப்பைக் கடத்தும் பர்கின்ஜி இழைக்கு ஏற்ப மாற்றியமைத்தார். இதயச் செல்லின் கால்சியம் மின்னோட்டம் அப்போது அளக்கப்படவில்லை; ஆகவே சோடியம், பொட்டாசியம் மின்னோட்டங்களும் சிறு கசிவும் மட்டுமே அதில் இடம்பெற்றன. ஆயினும் நீண்ட மேட்டை அது அழகாக வரைந்து காட்டியது, ஏனெனில் கால்சியம் செய்யவேண்டிய வேலையும் சோடியத்தின் தலையில் ஏற்றப்பட்டிருந்தது. வளைவை மட்டும் பார்த்து அந்தக் குறையை யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது. அதற்குச் செல்லை அளப்பவர்களின் கை தேவைப்பட்டது.

இப்போது புதிதாகச் சேருபவர்கள் முதல் துடிப்பின் படத்தைப் பெருமையுடன் நீட்டும்போது, ஆயிரமாவது துடிப்பில் பொட்டாசியம் எவ்வளவு என்றுதான் கேட்கிறேன். பெரும்பாலும் அதை வரைந்தே பார்த்திருக்க மாட்டார்கள்.