மேக்னாவிடம் நீட்டப்படாத மைக்

ஜனவரி 17, வெள்ளி

'தில் சே'வை மறுபடி பார்க்கலாம் என்றவர் அலுவலகத்தில் எனக்கு எதிர் மேசையில் இருப்பவர். அசாமின் திமா ஹசாவ் மலை மாவட்டத்தில் உள்ள ஹாஃப்லாங் அவர் ஊர். வயதில் மூத்தவர். அசாமில் அக்காக்களை அழைப்பதுபோல் நானும் அவரை 'பைதேவ்' என்றே கூப்பிடுகிறேன். மணிரத்னம் உங்கள் ஊர்க்காரர், படம் எங்கள் ஊரில் தொடங்குகிறது, ஆகவே இருவருமாக உட்கார்ந்து விசாரிக்க வேண்டும் என்றார். தில்லியில் குடியரசு தின ஒத்திகைக்காகச் சாலைகளை அடைக்கத் தொடங்கியிருக்கும் வாரம் இது. படம் முடிவதும் அந்த அணிவகுப்பு நாளில்தான்.

1998 ஆகஸ்டில் வந்த படம். தமிழில் 'உயிரே'. நம்மில் பலருக்கு வைரமுத்துவின் வரிகளில் பாட்டுகள் முதலில் வந்து சேர்ந்தன, கதை பிறகுதான் வந்தது. உண்ணிமேனனும் ஸ்வர்ணலதாவும் பாடிய 'பூங்காற்றிலே' படத்தில் எங்கே வருகிறது என்று தெரியாமலே அதைப் பல வருடங்கள் கேட்டவன் நான்.

ஜனவரி 18, சனி

பாதிப் படம் பார்த்தோம். பைதேவ் வீட்டில், இந்தி மூலத்தில்.

மழை இரவு, ஹாஃப்லாங் நிலையம். அகில இந்திய வானொலியில் வேலை பார்க்கும் அமர்காந்த் வர்மா சிகரெட்டுக்கு நெருப்புக் கேட்டு, போர்வைக்குள் முடங்கியிருக்கும் ஒருவரை நெருங்குகிறான். காற்றில் போர்வை விலக, அங்கே மேக்னாவாக மனீஷா கொய்ராலா. அவன் வாயாடுகிறான், அவள் பேசுவதே இல்லை. கடைசியில் ஒரு தேநீர் கேட்கிறாள். அவன் இரண்டு கோப்பைகளோடு திரும்புவதற்குள் ரயில் அவளை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுகிறது. சந்தோஷ் சிவனின் ஒளிப்பதிவுக்கும் எச். ஸ்ரீதரின் ஒலிப்பதிவுக்கும் தேசிய விருது கிடைத்த படம் இது. மழையும் இரும்பும் சேர்ந்த இந்தச் சில நிமிடங்களே அதற்குப் போதுமான சாட்சி.

பைதேவ் அசையவில்லை. "எங்கள் நிலையம் இவ்வளவு அழகாக இருந்ததே இல்லை" என்றார். அவருக்குத் தெரிந்த லும்டிங்–பதர்பூர் பாதை, மலையைக் குடைந்து போன மீட்டர் கேஜ். 2015இல் அகலப்பாதை வந்ததும் அதுவும் போயிற்று.

அப்புறம் 'சைய சையா'. ரயில் கூரைமேல் ஷாருக் கானும் மலைக்கா அரோராவும் ஆடத் தொடங்கியதும் என் முறை வந்தது. கதைப்படி அது எந்த மலையோ, எனக்குத் தெரிந்து அது மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறும் நம் மலை ரயில். சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "பார்த்தாயா, எங்களுக்கென்று இருந்த ரயிலையும் நீங்கள் கொடுத்துவிட்டீர்கள்" என்றார். பாராட்டா, குத்தலா என்று கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார்.

ஜனவரி 19, ஞாயிறு

இரவு முழுவதும் அந்த மைக் மனதில் சுற்றிக்கொண்டிருந்தது.

அமர் வடகிழக்குக்கு வந்த காரணம், சுதந்திரத்தின் ஐம்பதாண்டு நிறைவையொட்டி மக்களின் கருத்தைப் பதிவு செய்வது. ஊர் ஊராகப் போய் மைக்கை நீட்டுகிறான். தலைமறைவாக இருக்கும் தீவிரவாதத் தலைவரைக்கூடக் காட்டுக்குள் போய்ப் பேட்டி எடுக்கிறான். தில்லிக்கு எங்கள்மீது அக்கறை இல்லை என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள், அவன் அத்தனையையும் கேட்டுக்கொள்கிறான். கேட்பதுதான் அவனுக்குத் தொழில்.

அவன் கேட்க மறுப்பது மேக்னா ஒருத்தி சொல்வதைத்தான். போ என்கிறாள், வேண்டாம் என்கிறாள், எனக்குக் கல்யாணமாகிவிட்டது என்றுகூடச் சொல்லிப் பார்க்கிறாள். அவளுடைய ஆட்கள் அவனை அடித்துப் போடுகிறார்கள். எழுந்து மறுபடி பின்னால் போகிறான். லடாக்கில் பஸ்ஸில் ஏறி உட்காருகிறான். அத்துமீறி அவளை நெருங்கும்போது அவள் மூச்சுத் திணறித் துடிக்கிறாள். இந்தத் துடிப்பு எங்கிருந்து வருகிறது என்பதை இரண்டாம் பாதியில்தான் படம் சொல்கிறது. ஆனால் காரணம் தெரியாதவனுக்கும் அந்த உடல் சொல்லும் மறுப்பு விளங்க வேண்டும். அவனுக்கு விளங்கவில்லை.

ரயில் நிலையச் சந்திப்பை அவன் வானொலியில் கதையாகச் சொல்வது எனக்கு ஒரு காலத்தில் மிகவும் பிடித்த இடம். இப்போது வயிற்றைப் பிசைகிறது. அவள் வாயைத் திறந்து தன்னைப் பற்றிச் சொல்லும் முன்பே, அவளை ஒரு கதையாக்கி நாடு முழுவதும் ஒலிபரப்பிவிடுகிறான். தலைநகரத்து வானொலி தொலைதூரத்து மாநிலங்களுக்குச் செய்ததும் ஏறக்குறைய இதுதானே? நம் வீடுகளுக்கும் ஒரு காலத்தில் தில்லி என்றால் வானொலியில் தமிழ்ச் செய்தி வாசித்த சரோஜ் நாராயணஸ்வாமியின் குரல்தான். அங்கிருந்து இங்கே வரும் குரல். இங்கிருந்து அங்கே போன குரல் எதுவும் எனக்கு நினைவில்லை.

இயக்குநர் இதை அறிந்தே செய்தாரா? அமரை வங்கி அதிகாரியாகவோ பொறியாளராகவோ வைத்திருக்கலாம். வானொலிக்காரனாக வைத்ததில் ஒரு திட்டம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. ஆனால் ஷாருக் கானைப் போட்டதும் அந்தத் திட்டம் பாதி கரைந்துவிட்டது. அந்தச் சிரிப்பு வந்தால் திரையரங்கம் அவன் பக்கம் சாய்ந்துவிடுகிறது.

ஜனவரி 21, செவ்வாய்

வேலை. இந்தியா கேட் பக்கம் பஸ்ஸைச் சுற்றி விட்டார்கள். படம் பற்றிப் பேச நேரமில்லை.

ஜனவரி 22, புதன்

மீதிப் பாதி.

தில்லி வீடு. அமருக்குப் பெண் பார்த்து முடிவாகிறது. மணப்பெண்ணாக வரும் ப்ரீத்தி ஜிந்தாவுக்கு இதுதான் முதல் படம். முதல் சந்திப்பிலேயே மாப்பிள்ளையின் முன் அனுபவத்தைப் பற்றிக் கூசாமல் கேட்கும் கேரளப் பெண். இந்தப் படத்தில் கேள்வி கேட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் ஒரே ஆள் அவள்தான். அந்த நேரம் பார்த்து மேக்னா வந்து நிற்கிறாள். வானொலியில் வேலை வேண்டும், தங்க இடம் வேண்டும். அவள் வந்த காரியம் வேறு: குடியரசு தினத்தன்று உடலில் குண்டைக் கட்டிக்கொண்டு போவது.

பிறகு அந்தப் பின்கதை. சிறுமியாக இருந்தபோது ராணுவ வீரர்கள் அவளைச் சிதைத்தது. அவளே சொல்கிறாள், சுருக்கமாக, படத்தின் கடைசிப் பகுதியில். நல்ல நடிப்பு. ஆனால் எனக்குள் உறுத்தியது இது: இரண்டு மணி நேரம் அவன் மனதில் நடப்பதையெல்லாம் பாட்டாகப் பார்த்தோம். அவளுடைய வாழ்க்கைக்குக் கிடைத்தது சில நிமிடங்கள். அதுவும் அவன் கேட்ட விளக்கத்துக்குப் பதிலாக.

பைதேவ் வேறொன்றைப் பிடித்தார். "எங்கள் வலியைக் காட்டினார்கள், மறுக்கவில்லை. நாங்கள் என்ன கேட்டோம் என்று சொன்னார்களா? எந்த மாநிலம், எந்த இயக்கம், என்ன கோரிக்கை? ஒன்றும் கிடையாது. எல்லோரும் தில்லிக்காரர்களைப்போல் சுத்தமான இந்தி பேசுகிறார்கள்." ஹாஃப்லாங்கில் பேசுவதும் இந்திதான், ஆனால் அது வேறு இந்தி. பல மலை இனங்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள உருவாக்கி, இலக்கணத்தைத் தங்கள் வசதிக்கு வளைத்துக்கொண்டது. அதில் இரண்டு வாக்கியம் பேசிக் காட்டினார். நான் பாதிதான் புரிந்துகொண்டேன், அதில் அவருக்கு மகிழ்ச்சி.

ஜனவரி 23, வியாழன்

முழு உடை ஒத்திகை. ராஜபாதை 2022இல் கர்தவ்ய பாதை ஆகிவிட்டது. தடுப்பு வேலிகள் அதே இடத்தில்தான் நிற்கின்றன. பையைத் திறந்து காட்டிவிட்டுத்தான் நகர முடிந்தது.

மதியச் சாப்பாட்டின்போது பைதேவ் ஆயுதப்படைச் சிறப்பு அதிகாரச் சட்டத்தைப் பற்றிப் பேசினார். 1958இல் வந்தது, அசாம் முழுவதற்கும் 1990இல் விரிந்தது. பொது ஒழுங்குக்குத் தேவை என்று கருதினால் எச்சரித்துவிட்டுச் சுடவும், பிடியாணை இல்லாமல் வீடு புகவும் அதில் அதிகாரம் உண்டு. மத்திய அரசு அனுமதிக்காமல் வீரர்கள்மீது வழக்குத் தொடர முடியாது. மேக்னாவின் கதையை ஒரு கொடூர இரவாக மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்கு இந்தக் கடைசி விதி தெரிய வேண்டும் என்றார். நீதிமன்றத்தின் கதவு எப்படி அடைபடுகிறது என்பதும் அந்தக் கதையில் உண்டு. படம் அங்கே போகவே இல்லை.

படம் வந்து ஆறு ஆண்டுகள் கழித்து, 2004 ஜூலையில், மணிப்பூரில் தங்ஜம் மனோரமா என்ற பெண்ணை அசாம் ரைஃபிள்ஸ் படையினர் இரவில் வீட்டிலிருந்து கொண்டு போனார்கள். பிறகு கிடைத்தது உடல். சில நாட்களில் பன்னிரண்டு தாய்மார்கள் இம்பாலின் காங்லா கோட்டை வாசலில் ஆடைகளைக் களைந்து நின்று, எங்களையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று முழங்கினார்கள். அன்று நான் அந்தச் செய்தியைப் படித்தபோது 'தில் சே' நினைவுக்கு வரவில்லை. பைதேவுக்கு வந்ததாம். "மேக்னாவுக்குத் துணைக்கு ஒரு அம்மா கூட இல்லை அந்தப் படத்தில்" என்றார்.

ஜனவரி 25, சனி

வீட்டில் தனியாக 'மாச்சிஸ்'. 'தில் சே'வின் பாடல்களை எழுதிய குல்சார் இரண்டாண்டு முன்பு, 1996இல், தானே இயக்கிய படம். 1984க்குப் பிந்தைய பஞ்சாப். போலீஸ் ஜிம்மி என்ற ஒருவனைத் தேடி வருகிறது. ஜஸ்வந்த் வேடிக்கைக்காகத் தங்கள் வீட்டு நாய் ஜிம்மியைக் காட்டுகிறான். அந்த வேடிக்கைக்கு அவனைக் கொண்டுபோய் நொறுக்கி அனுப்புகிறார்கள். அவன் தங்கையை மணக்க இருந்த கிருபால் துப்பாக்கியைத் தேடிப் போகிறான். பின்னால் வீரன் என்ற பெயருள்ள அந்தத் தங்கையும் அதே பாதையில் வருகிறாள். அந்த வேடத்துக்காகத் தபுவுக்குத் தேசிய விருது கிடைத்தது. காதலர்கள் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்பதைப் படிப்படியாக நாமே கூட நடந்து பார்க்கிறோம். அங்கே காதலும் அரசியலும் ஒரே வீட்டுக்குள் நடக்கின்றன. 'தில் சே'யில் ஒன்று ஜன்னலுக்கு வெளியே நிற்கிறது.

இதே சந்தோஷ் சிவன் அதே காலத்தில் தமிழில் 'தி டெரரிஸ்ட்' எடுத்தார். மல்லி என்ற மனித வெடிகுண்டுப் பெண்ணின் கடைசி நாட்கள். ஆயிஷா தார்க்கரின் முகத்தை விட்டுக் கேமரா அதிகம் விலகாது. 1991 மே 21 ஸ்ரீபெரும்புதூரைக் கடந்து வந்த நமக்கு அந்தப் படத்தைப் பதறாமல் பார்ப்பது கடினம். அங்கே பின்னால் ஓடிவரும் காதலன் யாரும் இல்லை. ஒரே ஒளிப்பதிவாளர், ஒரே மாதிரிப் பெண். நாயகனை எடுத்துவிட்டால் அவளுக்கு எவ்வளவு இடம் கிடைக்கிறது!

ஜனவரி 26, ஞாயிறு

தொலைக்காட்சியில் அணிவகுப்பு. பைதேவ் மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தார், மூங்கில் குருத்து போட்ட பன்றி இறைச்சி.

முடிவைப் பற்றித்தான் சண்டை. 'ரோஜா'வில் எரியும் கொடிமேல் நாயகன் விழுந்து அணைக்கிறான், கடைசியில் தீவிரவாதியின் மனம் இளகுகிறது. 'பம்பாய்'யில் மக்கள் கைகோத்து நின்று கலவரத்தை நிறுத்துகிறார்கள். காதலோ மனிதநேயமோ வந்தால் எல்லாம் சரியாகும் என்ற அந்த நம்பிக்கை இங்கே இல்லை. அமர் அவளைக் கட்டிப் பிடிக்கிறான், இருவரும் வெடித்துச் சிதறுகிறார்கள். இந்தியாவில் படம் ஓடாததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். பிரிட்டனின் வசூல் பட்டியலில் முதல் பத்துக்குள் நுழைந்த முதல் இந்தியப் படம் இதுதான், அங்கே இருந்தவர்கள் எதைப் பார்த்தார்களோ. மணிரத்னத்தின் மூன்றில் நேர்மையான முடிவு இதுதான் என்பது என் கட்சி.

ஆனால் அந்த அணைப்பும் அவன் கேட்காமல் செய்ததுதான் என்றேன். என்னைக் காதலிப்பதாகச் சொல் என்று நச்சரிக்கிறான், அவள் அழுகிறாள், அவன் தீர்மானித்துவிடுகிறான். லடாக் பாட்டின் முடிவில் அவள் மடியில் அவன் சாய்ந்த அன்றே இதை ஆசைப்பட்டுவிட்டான். மேக்னா இதற்கு ஒப்புக்கொண்டாளா என்று யாருக்கும் தெரியாது.

பைதேவ் ஒத்துக்கொள்ளவில்லை. அவள் கைகளும் அவனைச் சுற்றி வருகின்றன, திரும்பப் பார் என்றார். திரும்பப் பார்த்தோம். வருகின்றன. அது சம்மதமா, சோர்வா என்று இன்னும் ஒரு மணி நேரம் பேசினோம். சாப்பாடு ஆறிவிட்டது. 'மாச்சிஸ்' பார்க்கத் தருகிறேன் என்று சொல்லி வந்தேன். அதில் நல்ல பிரதி எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள், என்னிடம் இருப்பதில் கடைசிக் கால் மணி நேரம் ஒலி சரியில்லை.