பேரிங் தட்டப்போய் கண்ணில் ஏறிய சில்லு

கோவை கணபதியில் எங்கள் லேத் பட்டறை. ஒரு சனிக்கிழமை சாயங்காலம், மோட்டார் ஷாஃப்டில் இறுகிக் கிடந்த பேரிங்கைக் கழற்ற வேண்டியிருந்தது. பேரிங்கை இழுத்துக் கழற்றும் புல்லர் கருவியை யாரோ வாங்கிப் போயிருந்தார்கள். சரி, நாலு தட்டு தட்டினால் வந்துவிடும் என்று சுத்தியலை எடுத்தேன். மூன்றாவது அடியில் வலது கண்ணில் சுருக்கென்றது. பெரிய வலியும் இல்லை, ரத்தமும் இல்லை. வெதுவெதுப்பாக ஏதோ வழிந்தது, பார்வை புகைமூட்டமாகிவிட்டது.

கசக்கப் போன கையை மச்சான் பிடித்துக்கொண்டார். "மாப்பிள்ளை, தொடாதீங்க." அதற்குள் ஒருவர் சொம்பில் தண்ணீரோடு வந்தார். இன்னொருவர் தாய்ப்பால் விட்டால் சரியாகும் என்றார். மச்சான் இருவரையும் தடுத்துவிட்டார். மில்லில் முதலுதவிப் பயிற்சி எடுத்தவர். ஆசிட்டோ சுண்ணாம்போ தெறித்தால்தான் உடனே கழுவ வேண்டும், குத்திய கண்ணில் எதையும் விடக்கூடாதாம். டீ குடிக்கிற பேப்பர் கப்பில் பாதியை வெட்டி, கண்மேல் படாமல் கவிழ்த்து, விளிம்பைப் புருவத்திலும் கன்ன எலும்பிலும் பிளாஸ்டரால் ஒட்டினார். பஞ்சு வைத்து அழுத்திக் கட்டியிருந்தால், கிழிசல் வழியே உள்ளே இருப்பதும் வெளியே வந்திருக்கலாம் என்று பிறகு டாக்டர் சொன்னார்.

நான் செய்த தப்பு, ஆட்டோ வரும்வரை ஒரு டீ குடித்தது. இப்படிப்பட்ட கண்ணைச் சுற்றி ஊசி போட்டு மரக்க வைத்தால் அந்த அழுத்தமே ஆபத்தாகலாம், அதனால் முழு மயக்கம் கொடுப்பார்கள். அதற்கு வயிறு காலியாக இருக்க வேண்டும், பால் டீ என்றால் ஆறு மணி நேரம் பொறுக்க வேண்டும். அந்த ஆறு மணி நேரம் இருக்கிறதே!

கண் பாப்பா வட்டமாக இல்லாமல் கண்ணீர்த்துளி போல ஒரு பக்கம் இழுத்திருந்ததைப் பார்த்ததும் டாக்டருக்குப் புரிந்துவிட்டது. கருவிழிக் காயத்தை, பாப்பாவைச் சுற்றி உள்ளிருக்கும் திரை போய் அடைத்திருந்தது. டெட்டனஸ் ஊசி, ஆன்டிபயாடிக், சி.டி. ஸ்கேன் எல்லாம் ஆயிற்று. இரும்பு இருக்கும்போது எம்.ஆர்.ஐ. எடுத்தால் காந்தம் அதை நகர்த்திவிடுமாம். உள்ளேயே விட்டாலோ, இரும்பு கரைந்து நாளடைவில் விழித்திரையைக் கெடுக்கும். நள்ளிரவுக்கு மேல் சில்லை எடுத்து, தலைமுடியைவிட மெல்லிய நைலான் நூலால் தைத்தார்கள். சில்லைக் குப்பியில் போட்டுக் காட்டினார்கள். எள்ளில் பாதி இருக்கும். திங்கட்கிழமை மச்சான் புல்லர் போட்டுப் பேரிங்கைக் கழற்றிவிட்டார். ஐந்து நிமிட வேலையாம்.

வலது கண்ணில் இப்போது புரை விழுந்திருக்கிறது, லென்ஸ் வைக்க வேண்டும். எனக்குப் பயமெல்லாம் இடது கண்ணைப் பற்றித்தான். அடிபட்ட கண்ணால், அபூர்வமாக, நல்ல கண்ணுக்குள்ளும் அழற்சி வந்து பார்வை போகலாம், மாதங்கள் கழித்துக்கூட வரலாம், சிவந்தாலோ மங்கினாலோ அன்றைக்கே வரவேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். தினமும் காலையில் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு, நாள்காட்டியில் பொடி எழுத்திலிருக்கும் ராகு காலத்தை வாசித்துப் பார்க்கிறேன். இன்றைக்கும் தெளிவாகத்தான் தெரிந்தது.