யானைமேல் உட்கார்ந்த அமைச்சர்

மெக்சிகோ சுவரோவியம் என்றாலே எல்லோரும் டியேகோ ரிவேராவைத்தான் பேசுவார்கள். எனக்கு அவருக்குச் சுவரைக் கொடுத்த ஆள்மேல்தான் ஆர்வம். பெயர் ஹோசே வாஸ்கொன்செலோஸ். 1910இல் வெடித்த புரட்சி ஒருவழியாக ஓய்ந்தபின், 1921இல் கல்வி அமைச்சரானார். ஊர் ஊராகப் பள்ளியும் நூலகமும் திறந்தார். ஹோமர், பிளேட்டோ, தாகூர் என்று பச்சை அட்டைப் புத்தகங்களாக அச்சடித்தார். எழுத்தே தெரியாத ஜனங்களுக்குப் பிளேட்டோவா என்று கேலி செய்தவர்கள் உண்டு. அந்தக் கிறுக்குத்தனம் எனக்குப் பிடிக்கும்.

வேலைக்காக மெக்சிகோ நகரத்தில் இருந்தபோது, நேரம் கிடைத்தால் அவருடைய பழைய அமைச்சகக் கட்டடத்துக்குப் போய்விடுவேன். இப்போது அது மியூசியம். முதல் முற்றத்தின் மூலைகளில் நான்கு பேரைக் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள்: பழைய மெக்சிகோவின் இறகுப்பாம்புக் கடவுளான கெட்சால்கோட்ல், பிளேட்டோ, பூர்வகுடிகளுக்காக வாதாடிய ஸ்பானியப் பாதிரியார் லாஸ் காசாஸ், அப்புறம் புத்தர். ஆமாம், நம்ம புத்தர்தான். வாஸ்கொன்செலோஸ் 1920லேயே இந்தியத் தத்துவம் பற்றிப் புத்தகம் எழுதியவர். இந்த நான்கும் கலந்ததுதான் அவர் மனதிலிருந்த மெக்சிகோ.

ரிவேராவும் முதலில் அந்த வழியில்தான் போனார். பல வருஷம் ஐரோப்பாவில் இருந்துவிட்டு வந்து அவர் வரைந்த முதல் சுவரோவியத்தில் இத்தாலி வாசனை தூக்கலாக இருக்கும். நாட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு வா என்று யூகாத்தானுக்கும் தெவாந்தெபெக்குக்கும் அனுப்பியதே அமைச்சர்தான். போய் வந்தவர் 1923இல் இதே முற்றத்தில் வரைந்ததைப் பாருங்கள். சுரங்கத்திலிருந்து வெளியே வரும் தொழிலாளி இரண்டு கைகளையும் விரித்து நிற்கிறான். எதையாவது திருடியிருப்பானோ என்று மேஸ்திரி அவன் உடம்பைத் தடவிச் சோதிக்கிறான். சிலுவையில் அறைந்த மாதிரியே நிற்கிறான் அவன். இந்தப் படத்தின் முன்னால் நின்றபின் மூலையில் இருக்கும் பிளேட்டோவைப் பார்க்கத் தோன்றவில்லை.

1924இல் வாஸ்கொன்செலோஸ் பதவியை விட்டார். ரிவேரா 1928 வரை அங்கேயே வரைந்துகொண்டிருந்தார். மேல்மாடியில் அறிவாளிகளைக் கிண்டலடித்து ஒரு படம் இருக்கிறது. அதில் குட்டி யானைமேல் நமக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருப்பவர் சாட்சாத் வாஸ்கொன்செலோஸ். சுவர் கொடுத்தவருக்கு அந்தச் சுவரிலேயே மரியாதை! முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் பாவமாக இருந்தது. 1940இல் நாஜி ஜெர்மனியின் பணத்தில் வந்த பத்திரிகைக்கு அவர் ஆசிரியராக இருந்தார் என்று பிறகு படித்ததும் அந்தப் பரிதாபம் ஓடிவிட்டது. ஆனாலும் அந்த நூலகங்களை அவர் கணக்கிலிருந்து கழிக்க எனக்கு மனம் வரவில்லை.