காலிபர் போல்ட்டில் மரை போனால்

டிஸ்க் பிரேக்கில் பேடை அழுத்தும் பாகமான காலிபரின் போல்ட்டை முறுக்கும்போது இறுக்கம் ஏறிக்கொண்டே வந்து, சட்டென்று விட்டுப்போய்ச் சும்மா சுற்ற ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். இன்னொரு சுற்று சுற்றினால் மிச்சமிருக்கும் மரையும் போய்விடும். போல்ட்டை வெளியே எடுத்துப் பாருங்கள். மரைப் பள்ளத்தில் மெல்லிய கம்பிச் சுருள் சிக்கி வந்திருந்தால், அது துளையின் மரை அறுந்து வந்தது. சுருள் இல்லாமல் போல்ட்டின் மரைதான் மழுங்கியிருக்கிறது, துளை நன்றாக இருக்கிறது என்றால் புது போல்ட்டோடு வேலை முடிந்தது. ஆனால் அதே அளவு, அதே பிட்ச் (இரண்டு மரைக்கு இடையிலான தூரம்), தலையில் உறுதித் தரம் 10.9 என்று இருந்தால் 10.9தான். ஹார்டுவேர் கடை 8.8 போல்ட் வேண்டாம்.

மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம், தொண்டி, கீழக்கரைப் பக்கம் ஓடும் வண்டிகளில் இந்தச் சிக்கல் அதிகம். உப்புக் காற்று மரைக்குள் இறங்கித் துருவாகி, போல்ட்டையும் துளையையும் ஒன்றாகப் பிடித்துவிடும். 1914இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தையே அரித்த காற்று இது. 2017இல் அரிச்சல்முனை வரை ரோடு வந்த பிறகு சாதாரணக் கார்களும் அங்கே போகின்றன. ரோட்டில் ஏறும் மணலும் சாரலும் சக்கரத்துக்குள் புகுகின்றன. பிடித்துப்போன போல்ட்டை நீளக் குழாய் போட்டு ஒரே மூச்சில் கழற்றினால் மரையும் சேர்ந்து வரும். துருப்பொடி இருக்கும் துளையில் இம்பாக்ட் கன்னை வைத்து ஏற்றினால் மரை குறுக்கே ஏறும். முதல் நாலைந்து சுற்று வெறும் விரலால் ஏற வேண்டும். ஏறவில்லையா, காரணத்தைத் தேடுங்கள்.

மரை எந்தப் பாகத்தில் இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. சில வண்டிகளில் போல்ட், சக்கரத்தைத் தாங்கும் நக்கிளைத் தாண்டிப் போய், காலிபரைத் தாங்கும் பிராக்கெட்டில் பிடிக்கும். அப்படியென்றால் பிராக்கெட்டை மாற்றிவிடுங்கள். தனியாகக் கிடைக்கும் பாகம், பழுது பார்க்க மெனக்கெட வேண்டியதில்லை. காலிபர் நகர உதவும் ஸ்லைடு பின்னுக்குள் பிடிக்கும் சின்ன போல்ட்டும் அப்படித்தான், பின்னையே மாற்றலாம். மரை நக்கிளில் இருந்தால்தான் யோசிக்க வேண்டும். நக்கிளை மாற்றினால் பேரிங், வீல் அலைன்மென்ட் என்று செலவு தொடரும்.

முன்வாயில் ஒன்றிரண்டு மரை மட்டும் நசுங்கியிருந்தால் சரியான பிட்ச் டேப்பை (மரை வெட்டும் கருவி) கையால் ஓட்டினால் போதும். பின்பக்கம் திறந்த துளை என்றால் நல்ல மரை இருக்கும் அந்தப் பக்கத்திலிருந்து ஓட்டுங்கள். டேப் தானாக வழி பிடித்து வரும். அதற்குமேல் போயிருந்தால் துளையைப் பெரிதாக்கி, புது மரையாக நிற்கும் கம்பிச் சுருளான ஹெலிகாயில், அல்லது அதைவிட உறுதியான முழு புஷ் வகை இன்சர்ட்.

பிட்ச் கேஜ் வைத்துப் பார்க்காமல் கிட் வாங்க வேண்டாம். 12 மில்லி போல்ட்டில் 1.25 பிட்ச்சும் உண்டு, 1.5 பிட்ச்சும் உண்டு. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். 1.25 பிட்ச் என்றால் டிரில் கணக்கு எளிது: போல்ட் அளவோடு 0.3 கூட்டினால் சரி. 8 மில்லிக்கு 8.3, 10க்கு 10.3, 12க்கு 12.3. டேப் கிட்டோடு வரும் தனி டேப்தான். சாதாரண 12 மில்லி டேப் இதற்கு உதவாது.

இந்த வேலையின் உயிர் துளை நேராக இருப்பதில்தான். சக்கரத்துக்கு அடியில் குந்தி உட்கார்ந்து கை டிரில்லில் போட்டால் துளை ஒரு பக்கம் சாயும். சாய்ந்தால் பிராக்கெட் சமமாக உட்காராது, பேட் ஒரு பக்கம் தேயும், போல்ட் வளைந்து வேலை செய்யும். நக்கிளைக் கழற்றி லேத் பட்டறைக்குக் கொண்டுபோய், பிராக்கெட் உட்காரும் முகத்தை மட்டம் பார்த்து டிரில்லிங் மெஷினில் பிடித்துப் போடச் சொல்லுங்கள். வார்ப்பிரும்பு நக்கிளை எண்ணெய் இல்லாமலே டிரில் போடலாம். அலுமினியத்துக்கு மண்ணெண்ணெய் விட்டால் பிசிறு ஒட்டாது. டேப்பை அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று ஓட்டி, பிசிறை ஊதி எடுத்துவிட்டு காயிலை ஏற்றுங்கள். நீளம் போல்ட் அளவில் ஒன்றரை மடங்கு, அதாவது 12 மில்லிக்கு 18 மில்லி. துளையின் ஆழமும் அதற்கு இடம் தர வேண்டும். காயிலின் மேல்முனை முகத்துக்குக் கீழே கால் முதல் அரை மரை இறங்கி நிற்க வேண்டும். துருத்தினால் பிராக்கெட் அதன்மேல் ஏறி உட்காரும். கடைசியில் காயிலை ஏற்றப் பிடிக்கும் அடிநாக்கை பஞ்ச் வைத்து ஒரே தட்டில் உடைத்து, துண்டை மறக்காமல் வெளியே எடுங்கள்.

"ஒரு நூல் பெரிசா டேப் அடிச்சு விட்டுருவோம்ணே" என்று சொல்லும் பட்டறைகள் உண்டு. பிரேக்கில் அதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். பெரிய போல்ட்டுக்காக எதிர்ப் பாகத்தின் துளையையும் குடைய வேண்டும், சுற்றியுள்ள சுவர் மெலியும். துளையை வெல்டிங்கில் நிரப்புவது அதைவிட மோசம். வார்ப்பிரும்பு சூட்டில் கடினமாகி விரிசல் விடும். எம்சீல், அரால்டைட் எல்லாம் இங்கே பேச்சுக்கே இடமில்லை. பிடித்த போல்ட்டைக் கழற்ற டார்ச் காட்டுவதானால் ஹோஸ், ரப்பர் பூட், ஏபிஎஸ் ஒயர் எல்லாவற்றையும் விலக்கிய பிறகுதான். குளோரின் கலந்த பிரேக் கிளீனர் அடித்த இடத்தில் நெருப்பே கூடாது, உயிர்போகும் நச்சு வாயு வரும்.

பிரேக் ஆயில் ஓடும் துளைகள் வேறு கணக்கு. காற்றை வெளியேற்றும் பிளீடர் நிப்பிள், ஹோஸ் பிடிக்கும் பாஞ்சோ போல்ட் இரண்டின் மரையும் போனால் காலிபரையே மாற்றுங்கள். நிப்பிளில் கசிவை அடைப்பது மரை அல்ல, நுனியில் இருக்கும் கூம்பு. டெஃப்லான் டேப் சுற்றி அதைச் சரிக்கட்ட முடியாது. பாஞ்சோவில் காப்பர் வாஷர் உட்காரும் முகம் முக்கியம், அங்கே குடைந்தால் அது சுருங்கும். அழுத்திப் பிரேக் பிடிக்கையில் லைனில் 100 பார் அளவுக்கு அழுத்தம் ஏறலாம். நிப்பிளுக்கு பெரும்பாலும் 7 முதல் 10 நியூட்டன் மீட்டர் போதும். மரை போவதே அதிகம் முறுக்குவதால்தான்.

பூட்டும்போது மரையில் நீல நிறத் திரெட் லாக்கர் ஒரு துளி. ஸ்லைடு பின்னுக்கு சிலிக்கான் பிரேக் கிரீஸ் மட்டும். சாதாரண கிரீஸ் பட்டால் ரப்பர் பூட் உப்பிவிடும். டார்க் ரெஞ்சில் இரண்டு மூன்று படியாக ஏற்றி, சர்வீஸ் மேனுவல் சொல்லும் அளவில் நிறுத்துங்கள். போல்ட் தலைக்கும் பிராக்கெட்டுக்கும் குறுக்கே பெயின்ட் கோடு ஒன்று போடுங்கள். நகர்த்தும் முன் பெடலைப் பலமுறை மிதித்து கெட்டியாக்கி, காலி ரோட்டில் மெதுவாக ஓட்டி நிறுத்திப் பாருங்கள். 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு அந்தக் கோடு விலகியிருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். மறுபடி முறுக்கினால் லாக்கரின் பிடிப்பு உடைந்துவிடும்.